பழுத்த ஒட்சிசன்: மட்டக்களப்பில் ஐந்து நாள்

நாள் 1

கொழும்பு கோட்டையில் விடியக் காலையில் உதயதேவியைப் பிடித்தேன். பொலன்னறுவை தாண்டி, வாழைச்சேனை தாண்டி மட்டக்களப்பில் இறங்கும்போது முதுகும் இருக்கையும் ஒட்டிப் போயிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா என் இரண்டு பைகளையும் பார்த்துவிட்டு, "என்ன மகன், மீன் பிடிக்கவா?" என்று கேட்டார். மீன் பார்க்க என்றேன். "அதுக்கு இவ்வளவு சாமானா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்குப் போய், சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் முங்கும் ஸ்கூபா செய்பவர்கள் அதிகபட்சம் 40 மீட்டர். ஏதாவது ஆனால் நேராக மேலே வந்துவிடலாம். அதற்குக் கீழே போகிறவர்களும், கீழே அதிக நேரம் இருப்பவர்களும் நினைத்த நேரத்தில் மேலே வர முடியாது. உடம்பில் கரைந்த வாயு வெளியேறும் வரை படிப்படியாக நின்று நின்றுதான் ஏற வேண்டும். இதற்கு டெக்கோ என்று பெயர். ஆழத்துக்கு ஒரு வாயு, வழியில் ஒன்று, கடைசிப் படியில் சுத்த ஆக்சிஜன். ஆளாளுக்கு நாலு சிலிண்டர். சாமான் அதனால்தான்.

நான் வந்தது ஹெர்மிஸுக்காக. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. மட்டக்களப்புக் கரையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள், 50 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான ஆழத்தில் கிடக்கிறது.

கல்லடிப் பக்கம் ஒரு வீட்டின் பின்புறம், தகரம் வேய்ந்த கொட்டகையில் சிலிண்டர்களுக்கு வாயு நிரப்பும் வேலை. அதை நடத்துகிறவர் இந்த ஊர்க்காரர். முப்பது வருடம் லண்டனில் இருந்து, ஃப்ளோரிடா குகைகளிலும் மெக்சிகோவின் செனோட்டே கிணறுகளிலும் முங்கிவிட்டு ஊர் திரும்பியவர். எல்லோருக்கும் லண்டன் அண்ணன். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம், தத்துவம் சொல்வது. குகை டைவர்கள் ஏன் இருட்டுக்குள் போகிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தார். தெரியாது என்று சொல்லித் தொலைத்தேன்.

"வெயில் ஒரு கலப்படம், தம்பி. சுத்தமான ஒட்சிசனுக்கு வெயில் ஆகாது. ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிரி. அதனாலதான் ஆக்சிஜன் குடிக்கிறவன் எல்லாம் ராத்திரியில ஆந்தை மாதிரி முழிச்சிருக்கிறான்."

ஒட்சிசன் என்றால் இந்த ஊரில் ஆக்சிஜன். சிரிக்கவே மாட்டார். முகம் பாங்க் மேனேஜர் மாதிரி இருக்கும். நம்பிவிடுவீர்கள்.

கொட்டகையில் உதவிக்கு ஒரு தம்பி இருந்தான். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறான். சிலிண்டரைத் தோளில் ஏற்றினால் வாழைத்தார் தூக்குவது போலிருக்கும். நானும் சும்மா இருந்திருக்கலாம். பயணக் களைப்பு, வாய்க்கொழுப்பு. "இந்த ஆக்சிஜன் சிலிண்டர் இன்னும் பச்சையா இருக்கு. ரெண்டு நாள் வெயில்ல வெச்சா பழுத்துடும். அழுத்தம் கூடும் பாரு" என்றேன்.

அவன் சிலிண்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஓம் அண்ணன்" என்றான்.

நாள் 2

காலையில் வந்து பார்க்கிறேன், ஆறு சிலிண்டர்கள் முற்றத்தில் வரிசையாகக் கிழக்கே முகம் வைத்துப் படுத்திருக்கின்றன. கருவாடு காய்வது மாதிரி. தம்பி ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான், எல்லாப் பக்கமும் வெயில் படட்டும் என்று.

சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. என் புளுகில் பாதி உண்மை. அதுதான் வில்லங்கமே. 27 டிகிரியில் 200 பார் அழுத்தம் இருக்கும் சிலிண்டர் வெயிலில் சூடேறி 47 டிகிரிக்குப் போனால் அழுத்த மானி 213 காட்டும். உள்ளே ஒரு மூலக்கூறுகூட அதிகமாகவில்லை. இருப்பவையே சூட்டில் வேகமாக மோதுகின்றன. கடலுக்குள் இறங்கிய ஐந்தாவது நிமிடம் அந்த 13 பாரையும் தண்ணீர் திரும்ப வாங்கிக்கொள்ளும். முழுசாக நிரப்பியதை நாள் பூராவும் மட்டக்களப்பு வெயிலில் கிடத்தினால் இன்னும் மேலே போகும், வால்வின் பாதுகாப்புத் தகடு பழசாக இருந்தால் உடைந்து மொத்தமும் சீறிக்கொண்டு வெளியேறவும் கூடும். ஆக்சிஜன் சீறுகிற இடத்தில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம்.

நானே எல்லாவற்றையும் நிழலுக்கு உருட்டினேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அண்ணன்மார் ஒரு நாள் வெயிலில் வை என்பார்கள், மறுநாள் நிழலில் வை என்பார்கள் என்று பழகியிருப்பான் போல.

அடுத்த கூத்து அளவு பார்க்கும்போது. எந்த சிலிண்டரில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று முங்குகிறவரே அளந்து, ஒட்டுத்தாளில் எழுதி, கையெழுத்தும் போட வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் கருவிதான். வெளிக் காற்றில் 20.9 காட்டும்படி வைத்துவிட்டு, வால்வை இம்மியளவு திறந்து வாயுவை மெல்ல அதன்மேல் விட வேண்டும். கொட்டகை நிழலில் 20.9-க்கு வைத்தேன். பேச்சு சுவாரசியத்தில் கருவியை முற்றத்துத் திண்ணையில், வெயிலில் விட்டுவிட்டேன். 32 சதவீத நைட்ராக்ஸ், அதாவது ஆக்சிஜன் கூட்டிய காற்று, என்று நிரப்பியது 33.7 காட்டியது.

லண்டன் அண்ணன் காத்திருந்தவர் போல வந்தார். "பாத்தியா? ஒரு ராத்திரியில ஒண்டே முக்கால் விளைஞ்சிருக்கு."

எங்கள் குழுவில் கொச்சியிலிருந்து வந்த ஒரு மயக்க மருந்து டாக்டர் உண்டு. தினமும் ஆக்சிஜனோடு புழங்குகிறவர், அதனால் அதைப் பற்றிய ஜோக்குக்குச் சிரிக்காதவர். ஒன்றும் பேசாமல் கருவியை வாங்கி, சிலிண்டர் பக்கமே போகாமல் வெறும் காற்றில் காட்டினார். 22.0.

"ஊர்க் காற்றும் பழுத்துவிட்டதா?" என்றார்.

உள்ளே இருப்பது ஒரு சின்ன மின்கலம். ஆக்சிஜன் பட்டால் மின்சாரம் வரும், சூடேறினால் அதுவும் ஏறும். அதைச் சரிசெய்ய உள்ளேயே ஒரு வெப்ப உணரி இருக்கிறது. ஆனால் கருவியின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சூடானால் அந்த உணரி பின்தங்கிவிடும். 22.0-ஐ 20.9-ஆல் வகுத்து, அந்த விகிதத்தால் 33.7-ஐயும் வகுத்துப் பாருங்கள், பழைய 32 வந்துவிடும். இந்தப் பக்கம் பிழை என்றால் பாதகமில்லை. ஆழத்தில் ஆக்சிஜன் அதிகமானால் விஷம், அதனால் அதிக ஆக்சிஜன் என்று நினைத்து ஆழத்தைக் குறைத்துக்கொள்வோம். வெயிலில் 20.9-க்கு வைத்து நிழலில் அளந்திருந்தால்? உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். தைரியமாக இன்னும் கீழே போவோம். ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு எல்லாவற்றையும் நிழலில் மறுபடி அளந்தேன். டாக்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். பரீட்சை ஹாலில் நிற்பது போலிருந்தது.

மதியம் வடக்கே கல்குடாப் பக்கம் பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பலில் ஒரு சரிபார்ப்பு முங்கல். ஹெர்மிஸ் போன அதே நாளில் அதே விமானங்களுக்குப் பலியானது. ஆழம் 25 மீட்டர் அளவில்தான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். துருப்பிடித்த விளிம்பில் விரல் கீறிவிட்டது. ரத்தம் வந்தது, பச்சையாக. அடர்ந்த பாசிப் பச்சை. சிவப்பு ஒளியைத் தண்ணீர் முதலிலேயே தின்றுவிடும், அந்த ஆழத்தில் சிவப்பென்று காட்ட ஒளியே மிச்சமில்லை. டார்ச்சைக் காட்டினேன், சிவந்தது. அணைத்தேன், மறுபடி பச்சை. இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தேன். டாக்டர் விரலைப் பிடித்து அழுத்தி, மேலே போகச் சைகை காட்டும் வரை.

படகில் லண்டன் அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "உனக்குள்ள ஒளித்தொகுப்பு தொடங்கிட்டுது." இலை வெயிலில் ஆக்சிஜன் விடும் ஒளிச்சேர்க்கைக்கு இங்கே அதுதான் பெயர்.

தம்பி இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாள் 3

கச்சான் எழும்பிவிட்டது. மேற்கே மலையிலிருந்து இறங்கி வரும் இந்தக் காற்று வாயைத் திறந்தால் நாக்கைக் காயவைத்துவிடுகிறது. இன்றைக்குக் கடல் இல்லை என்று படகோட்டி ஐயா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

சட்டியில் உறைந்த எருமைத் தயிர், மேலே கித்துள் பாணி என்ற பனைப்பாகு. காலை முழுக்க அதுதான் வேலை. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர்.

தயிர் முடிந்ததும் டாக்டரே கதை சொன்னார். அவர் வாயிலிருந்து இவ்வளவு பேச்சு வந்து நான் பார்த்ததில்லை. ஆக்சிஜனும் வெயிலும் எதிரி என்கிறீர்களே, ஆக்சிஜனைப் பிடித்ததே வெயிலை வைத்துத்தான் என்றார். 1774 ஆகஸ்ட் 1-ம் தேதி, இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பெரிய பூதக்கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்து, பாதரசத்தின் சிவப்பு ஆக்சைடைச் சூடாக்கினார். வந்த வாயுவில் மெழுகுவர்த்தி கொழுந்துவிட்டு எரிந்தது. எலியை உள்ளே விட்டார், சாதாரணக் காற்றில் தாங்குவதைவிட அதிக நேரம் தாங்கியது. பிறகு தானே இழுத்துப் பார்த்தார். நெஞ்சு லேசாக இருந்தது என்று எழுதி வைத்தார்.

அதோடு விடவில்லை மனிதர். மெழுகுவர்த்தி இதில் சீக்கிரம் எரிந்து தீர்வது போல நாமும் இதை மூச்சிழுத்தால் சீக்கிரம் வாழ்ந்து முடித்துவிடுவோமோ என்று ஒரு சந்தேகத்தையும் எழுதினார். இது ஒரு நாள் பணக்காரர்களின் ஆடம்பரப் பொருளாகலாம், இப்போதைக்கு இரண்டு எலிகளும் நானும் மட்டுமே அனுபவித்திருக்கிறோம் என்று கேலி வேறு. ஆக்சிஜனைப் பற்றிய முதல் ஜோக் ஆக்சிஜனைப் பிடித்தவருடையது. லண்டன் அண்ணன் எழுந்து நின்று கும்பிட்டார்.

ஐந்து வருடம் கழித்து, 1779-ல், யான் இங்கென்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இலைகளைத் தண்ணீரில் போட்டு, அவை விடும் ஆக்சிஜன் குமிழிகளைக் கவனித்தார். வெயிலில் குமிழி வந்தது, இருட்டில் நின்றது.

ஆக்சிஜனின் மறுமுகத்தைக் காட்டியவர் பால் பெர். 1878-ல் பிரான்சில், அழுத்தத்தோடு கொடுத்தால் ஆக்சிஜன் நரம்பைத் தாக்கி வலிப்பு வர வைக்கும் என்று எழுதினார். கடலுக்குள் அது நடந்தால் வாயிலிருந்து, மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் நழுவும். அடுத்து வருவது தண்ணீர். அதனால்தான் சுத்த ஆக்சிஜனுக்கு 6 மீட்டர் எல்லை. அங்கே அதன் அழுத்தம் 1.6 பார். அந்த அழுத்தத்தில் 45 நிமிடம், 1.4 பாரில் 150 நிமிடம் என்று ஒரு அட்டவணை உண்டு. முங்கு கணினி அதைச் சதவீதமாக ஓட்டிக்கொண்டே இருக்கும். சிலிண்டரின் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு 6 என்று எழுதியிருப்போம், இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் தப்பக் கூடாது என்று.

எச்சரிக்கை அறிகுறிகளை டாக்டர் விரல் விட்டு எண்ணினார். பார்வை சுருங்கும், காதில் இரைச்சல், குமட்டல், உதடு துடிக்கும், எரிச்சல், தலைச்சுற்றல். எரிச்சலுக்கு வந்ததும் லண்டன் அண்ணன், "அப்ப எனக்குப் பிறந்ததிலிருந்தே விஷம் ஏறியிருக்கு" என்றார். பிறகு நோட்டில் அவர் சொந்த அட்டவணை ஒன்றைக் காட்டினார். வெயில் கடிகாரம். மத்தியான வெயிலுக்கு 45 நிமிடம், நாலு மணி வெயிலுக்கு 150. தொப்பி போட்டால் தள்ளுபடி. அசல் அட்டவணையின் எண்களை அப்படியே திருடியிருந்தார்.

நான் கேட்டேன், "அண்ணே, இதையெல்லாம் யாராவது நம்பிட்டா?"

"நம்பினா நம்பட்டும். 45-ம் 150-ம் சாகும் வரைக்கும் மறக்காதெல்லோ."

எனக்கு மறுக்கத் தோன்றியது, முடியவில்லை. அவருடைய புளுகில் எந்தப் பக்கம் பிசகினாலும் வெயிலுக்குப் பயந்து சீக்கிரம் நிழலுக்குப் போவோம், அவ்வளவுதான். என்னுடையதில் சிலிண்டர் முற்றத்தில் கிடக்கும்.

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். பழுப்பதெல்லாம் கிடையாது, நான் விளையாட்டுக்குச் சொன்னது. சூட்டில் அழுத்தம் ஏறும், தண்ணீரில் இறங்கும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். இனி வெயிலில் வைக்காதே.

பொறுமையாகக் கேட்டான். "வெயில் பட்டா ஒட்சிசன் வரும் எண்டு பள்ளிக்கூடத்திலயும் படிச்சன், அண்ணன். ஒளித்தொகுப்பு."

"அது இலைக்குடா."

"சிலிண்டருக்கும் பச்சை பெயின்ட்தானே" என்றான்.

அவன் என்னை ஓட்டுகிறானா, நிஜமாகவே கேட்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். லண்டன் அண்ணன் முகம் போலவே இருந்தது. ஒரே கொட்டகை.

நாள் 4

விடியும் முன்பே கடல் கண்ணாடி. ஃபைபர் படகில் ஆளுக்கு நாலு சிலிண்டர் ஏற்றியதும் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. முதுகில் இரட்டைச் சிலிண்டரில் ட்ரைமிக்ஸ்: ஆக்சிஜன் 18, ஹீலியம் 45, மீதி நைட்ரஜன். 53 மீட்டரில் வெறும் காற்றை இழுத்தால் தலை கள் குடித்தது போலாகிவிடும். ஹீலியம் கலந்தால் 25 மீட்டரில் இருக்கும் தெளிவு. கைப்பக்கம் இரண்டு: 21 என்று எழுதியதில் பாதிக்குப் பாதி ஆக்சிஜன், 6 என்று எழுதியதில் முழுசும். எல்லாம் நிழலில் அளந்தது.

கயிற்றைப் பிடித்து இறங்கினோம். 30 மீட்டர் வரை ஒன்றுமில்லை, நீலம் மட்டும். 40-ஐ நெருங்கும்போது கீழே நீலம் ஓரிடத்தில் மட்டும் கறுக்கத் தொடங்கியது. கறுப்பு அகலமானது, அகலமாகிக்கொண்டே போனது. 182 மீட்டர் நீளக் கப்பல். ஒரு பார்வையில் அடங்கவில்லை.

இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. ஐந்தரை அங்குலப் பீரங்கி ஒன்றின் குழாய்மேல் டார்ச் அடித்தேன். கருநீலமாக இருந்தது, ஒளி பட்ட வட்டத்தில் மட்டும் செம்மஞ்சளும் சிவப்புமாகக் கடற்பஞ்சுகள் பற்றிக்கொண்டன. வட்டத்தை நகர்த்தினால் நிறமும் கூடவே நகர்ந்தது. குழாய் வாயில் ஒரு சின்ன மீன், என் டார்ச்சை முறைத்துக்கொண்டு. அன்றைக்கு இந்தக் கப்பலில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் செத்தார்கள். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. நாங்கள் எதையும் தொடவில்லை, உள்ளேயும் போகவில்லை. கீழே மொத்தம் 25 நிமிடம்.

பிறகு ஏற்றம். 21 மீட்டரில் முதல் மாற்றம். சிலிண்டரைக் காட்டி, எண்ணைக் காட்டி, டாக்டர் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைத்தேன். 6 மீட்டரில் இரண்டாவது. அங்கே 22 நிமிடம் சும்மா தொங்க வேண்டும். ஆக்சிஜனுக்கு ருசி கிடையாது, ஆனாலும் வறண்டு இனிப்பது போல எனக்கு எப்போதும் தோன்றும். மேலே உச்சி வெயில். ஒளிக் கம்பிகள் தண்ணீருக்குள் சாய்வாக இறங்கி ஆடின. நான் விட்ட குமிழிகள் அவற்றுக்குள் ஏறும்போது ஒவ்வொன்றும் ஒரு நொடி பளிச்சென்று பற்றி அணைந்தது. இங்கென்ஹவுஸ் பார்த்த குமிழி இதைவிடச் சின்னதாக இருந்திருக்கும். என்னுடையதை எண்ணிப் பார்த்தேன், நாற்பதுக்கு மேல் போகவில்லை.

லண்டன் அண்ணன் பலகையில் ஏதோ எழுதி நீட்டினார். "வெயில் 38 நிமிடம். கவனம்." சிரித்ததில் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. என் கணினியில் ஆக்சிஜன் கடிகாரம் 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. உதட்டை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன், துடிக்கவில்லை.

படகில் ஏறியதும் வெயிலில் உட்கார்ந்து நடுக்கத்தைப் போக்கிக்கொண்டோம். வெயிலே ஒரு டெக்கோ வாயுதான் என்று அவர் அடுத்த தத்துவத்தை எடுத்தார். டாக்டர் வெட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தயங்கினார். அமெரிக்கக் கடற்படையின் முங்கு சோதனைப் பிரிவு 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது என்றார். கீழே குளிர்ந்தும், ஏறும்போது வெதுவெதுப்பாகவும் இருந்தவர்களுக்கு, கரைந்த வாயு உடம்புக்குள் குமிழியாகும் டெக்கோ நோய் குறைவு. கீழே சூடாக இருந்து ஏறும்போது குளிர்ந்தவர்களுக்கு மிக அதிகம். உடம்பு சூடாக இருந்தால் ரத்தம் ஓடும், வாயு வெளியேறும். "ஆனால் அது தண்ணீருக்குள் ஏறும்போது. மேலே வந்த பிறகு உடனே வெயிலில் வேகாதீர்கள், சூட்டில் குமிழி கட்டும், உடம்பும் வறண்டுபோகும். தண்ணீர் குடியுங்கள்."

லண்டன் அண்ணன் முகத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை சிரிப்பைப் பார்த்தேன். பாதிதான். அதற்குள் டாக்டர் அவரைத் தள்ளி நிழலில் உட்கார வைத்துவிட்டார்.

நாள் 5

இன்று முங்கல் கிடையாது. நாளை மறுநாள் விமானம், அதற்கு முன் உடம்பில் மிச்சமிருக்கும் வாயு வெளியேற வேண்டும். ரெகுலேட்டர்களை நல்ல தண்ணீரில் அலசினேன். நேற்று ராத்திரி கல்லடிப் பாலத்தில் பாடும் மீன் கேட்கப் போனோம். ஆட்டோ சத்தம்தான் கேட்டது. நிலா நாளில், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டுமாம். துடுப்பு இல்லை, நிலாவும் தேய்பிறை.

கணக்கு முடிக்க உட்கார்ந்தோம். ஹீலியத்தில்தான் பர்ஸ் காலியாகும் என்று தெரியும், இருந்தாலும் தொகையைப் பார்த்தபோது தொண்டை அடைத்தது. அதற்குக் கீழே, தம்பியின் கையெழுத்தில் தனியாக ஒரு வரி:

"வெயில் நிரப்பினது, 6 சிலிண்டர், 13 பார் வீதம்: 78 பார்."

எதிரே விலை போடவில்லை.

"என்னடா இது?"

"நீங்கதானே அண்ணன் சொன்னீங்க, வெயிலில வச்சா பதின்மூண்டு பார் கூடும் எண்டு. புரட்டிப் போட்டது நான்."

"அதைத் தண்ணி திரும்ப வாங்கிக்கும்னும் சொன்னேனே."

"ஓம். அப்ப மிச்சத்தை நீங்க கடலிட்டத்தான் கேக்கணும்" என்றான்.

லண்டன் அண்ணன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கணக்கைச் சரிபார்த்தார். பெருக்கல் சரிதான் என்றார்.